மாதச் சந்தா இல்லாத தொலைக்காட்சி: தாமிரபரணிக் கரைக்கான டிஷ் கணக்கு

பாபநாசம் தொடங்கி, தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் வரை எந்த ஊரில் இருந்தாலும் சரி, தென்கிழக்கு வானம் தெரியும் கொஞ்சம் இடம் இருந்தால் மாதச் சந்தா கட்டாமல் தொலைக்காட்சி பார்க்கலாம். இதில் திருட்டு இணைப்போ குறுக்குவழியோ கிடையாது. அரசு ஒலிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதி நாட்டு மக்கள் எல்லாருக்குமாக நடத்தும் ‘டிடி ஃப்ரீ டிஷ்’ என்ற சேவை இது. 2004 டிசம்பரில் ‘டிடி டைரக்ட் பிளஸ்’ என்ற பெயரில் 33 சேனல்களோடு தொடங்கியது.

பலர் இதை முயன்றுவிட்டு, “நம்ம பக்கம் சிக்னல் வராது” என்று விட்டுவிடுகிறார்கள். சிக்னல் நன்றாகவே வருகிறது. பொதுவான குறிப்புகளையும் வடநாட்டு வீடியோக்களையும் பார்த்து டிஷ் கட்டுவதால்தான் கிடைக்காமல் போகிறது. செயற்கைக்கோள் எல்லாருக்கும் ஒன்றுதான்; ஆனால் அது நிற்கும் திசையும் உயரமும் ஊருக்கு ஊர் மாறும். நெல்லைக்கான எண்கள் மூன்று: 118, 69, 60. அவற்றைக் கொண்டு நீங்களே டிஷ் கட்டிக்கொள்ளச் சொல்லித்தருவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

1. செலவுக் கணக்கு

கேபிளிலும் டி.டி.எச்.சிலும் ‘இலவசச் சேனல்கள்’ என்று ஒரு வகை உண்டு. சேனலுக்கு விலை இல்லையே தவிர, அதை வீட்டுக்குக் கொண்டுவரும் நிறுவனத்துக்கு மாதாமாதம் கட்டணம் உண்டு. 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த முறையில் அந்த அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பு 130 ரூபாயாக இருந்தது. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. அதாவது, அந்த உச்சவரம்புப்படி, விலைச் சேனல் ஒன்றுகூட வாங்காத வீட்டுக்கும் ஆண்டுக்கு 1,800 ரூபாய்க்கு மேல் ஆனது.

ஃப்ரீ டிஷ்ஷுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. டிஷ், எல்.என்.பி., கேபிள், செட்டாப் பாக்ஸ் எல்லாம் சேர்த்து ஒரே முறை சுமார் 2,000 ரூபாய். பதிவு, ரீசார்ஜ், காலாவதி எதுவும் கிடையாது. அந்தக் கணக்கில் ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட சந்தாப் பணத்தில் முதல் திரும்பிவிடும்.

2. என்ன வரும், என்ன வராது

பணம் போடுவதற்கு முன் இந்தப் பகுதியை வீட்டில் எல்லாரும் சேர்ந்து படியுங்கள்.

வருபவை: டிடி தமிழ், தூர்தர்ஷனின் மற்ற மொழிச் சேனல்கள், டிடி நியூஸ், டிடி ஸ்போர்ட்ஸ், சன்சத் டிவி, ஏலத்தில் இடம் எடுத்த தனியார் சேனல்கள், அகில இந்திய வானொலியின் பல ஒலிபரப்புகள். பொதிகை மலையின் பெயரைப் பல ஆண்டுகள் தாங்கி நின்ற சேனல்தான் 2024 ஜனவரி 19 முதல் டிடி தமிழ் என்று புதுவடிவில் வருகிறது.

வராதவை: சன் டிவி, கே டிவி, விஜய் டிவி, ஜீ தமிழ் போன்ற சந்தாச் சேனல்கள். தனியார் சேனல்களில் பெரும்பகுதி இந்திதான். மாலைத் தொடர்களுக்காகவே தொலைக்காட்சி போடும் வீட்டுக்கு ஃப்ரீ டிஷ் மட்டும் போதாது. இதைக் கடைக்காரர் சொல்லாமல் விட்டால், வாங்கிய மறுநாளே வருத்தம் வரும்.

யாருக்கு இது பொருந்தும்? செய்தி பார்ப்பவர்கள், கிரிக்கெட் பார்ப்பவர்கள், பழைய பாடலும் கச்சேரியும் கேட்கும் பெரியவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், தோட்டத்து வீடுகள், கடைகள், ஆண்டில் சில மாதங்களே ஆள் இருக்கும் பூர்விக வீடுகள்.

கிரிக்கெட்டுக்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. 2007-ஆம் ஆண்டு விளையாட்டு ஒலிபரப்புச் சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உடையவை என்று அரசு அறிவித்த போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். அந்தப் பகிர்வு தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி, டி.டி.எச். சேவைகளுக்கு மட்டுமே உரியது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால், கேபிளில் தெரியும் தூர்தர்ஷன் சேனலில் அந்தப் போட்டி வராது. ஃப்ரீ டிஷ்ஷில் வரும். ஐ.பி.எல். இந்தப் பட்டியலில் இல்லை.

படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இன்னொரு பெரிய வரவு, கல்விச் சேனல்கள். 2017-இல் தொடங்கிய ‘சுவயம் பிரபா’ சேனல்களும், வகுப்பு வாரியாகப் பாடம் நடத்தும் ‘பி.எம். இ-வித்யா’ சேனல்களும் இதே செயற்கைக்கோளிலிருந்துதான் இறங்குகின்றன. சுவயம் பிரபாவில் ஒரு நாளின் புதிய பாடம் அன்றைக்கே பல முறை மறுஒளிபரப்பாகும்; காலையில் தவறவிட்டதை இரவில் பார்க்கலாம். பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். செல்போன் டேட்டா செலவில்லாமல் நுழைவுத் தேர்வுப் பாடம் கேட்க இதைவிட மலிவான வழி கிராமத்துப் பிள்ளைக்கு இல்லை.

3. வாங்க வேண்டியவை

*டிஷ்:* 60 செ.மீ. போதும். மலையடிவாரத்து பாபநாசம், அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு பக்கம் 75 அல்லது 90 செ.மீ. நல்லது, காரணம் பின்னால் வருகிறது.

*எல்.என்.பி.:* டிஷ்ஷின் முன்கையில் உட்காரும் சிறு தலை. ‘யுனிவர்சல் கே.யு. பேண்ட், 9750/10600’ என்று கேட்டு வாங்குங்கள்.

*செட்டாப் பாக்ஸ்:* ‘எம்பெக்-4, டி.வி.பி.-எஸ்2’ வகைதான் வேண்டும். பழைய எம்பெக்-2 பாக்ஸில் பாதிச் சேனல்கள் தெரியாது. புதிய தொலைக்காட்சிகள் சிலவற்றில் சாட்டிலைட் டியூனர் உள்ளேயே இருக்கும். பின்பக்கம் திருகு வைத்த கேபிள் துளை அருகே ‘சாட்டிலைட்’ என்று எழுதியிருந்தால், பாக்ஸ் வாங்காமல் முதலில் அதில் முயன்று பாருங்கள்.

*கேபிள்:* ‘ஆர்.ஜி.-6’, தேவையான நீளத்துக்கு ஒரே துண்டாக. நடுவில் ஒட்டுப்போட்ட கேபிள் முதல் மழையிலேயே தகராறு செய்யும்.

மொட்டைமாடியில் பழைய டி.டி.எச். டிஷ் சும்மா கிடந்தால் அதையே திருப்பிவைத்துப் பயன்படுத்தலாம். நீங்கள் விலை கொடுத்து வாங்கியதுதானா, நிறுவனம் வாடகைக்குத் தந்ததா என்பதை மட்டும் பழைய ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. மூன்று எண்கள்

ஃப்ரீ டிஷ் சேனல்களைத் தருவது ஜிசாட்-15 என்ற இஸ்ரோ செயற்கைக்கோள். 2015 நவம்பரில் ஏவப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 35,786 கி.மீ. உயரத்தில், 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கிறது. திருநெல்வேலி இருப்பது 8.7 டிகிரி வடக்கு, 77.7 டிகிரி கிழக்கு. இந்த இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால் கிடைப்பது:

திசை (வடக்கிலிருந்து வலமாக): நெல்லை 118 டிகிரி, சென்னை 134, டெல்லி 149.
உயரம் (தொடுவானத்திலிருந்து): நெல்லை 69 டிகிரி, சென்னை 68, டெல்லி 52.
எல்.என்.பி. சாய்வு: நெல்லை 60 டிகிரி; சென்னை 45; டெல்லி 27.

பாபநாசத்துக்கும் புன்னைக்காயலுக்கும் இடையில் இந்த எண்கள் ஒரு டிகிரிகூட மாறுவதில்லை. அம்பை, கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை, ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

*118:* நேர்க்கிழக்கைப் பார்த்து நின்று, வலப்பக்கம் தெற்கு நோக்கி 28 டிகிரி திரும்பினால் அந்தத் திசை. செல்போன் காம்பஸ் போதும். இரும்புக் கம்பி, மோட்டார் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள்.

*69:* செயற்கைக்கோள் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கிறது. ஆனால் டிஷ் அவ்வளவு மேல்நோக்கி இருக்காது. வீட்டு டிஷ்கள் எல்லாம் ‘ஆஃப்செட்’ வகை. தட்டு பார்க்கும் திசையைவிட இருபது இருபத்தைந்து டிகிரி மேலேயிருந்து சிக்னலை வாங்கி எல்.என்.பி.க்கு அனுப்பும். ஆகவே நம் ஊரில் தட்டின் முகம் செங்குத்திலிருந்து சுமார் 45 டிகிரி பின்னால் சாய்ந்திருக்க வேண்டும்.

*60:* மிகப் பலர் தவறவிடும் எண் இதுதான். சிக்னல் நேராக வரும் ஊர்களில் எல்.என்.பி.யின் கேபிள் துளை தரையைப் பார்த்து, அதாவது ஆறு மணி நிலையில் இருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நமக்குச் சிக்னல் மிகவும் சாய்ந்து இறங்குகிறது. டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி, எல்.என்.பி.யைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் 60 டிகிரி திருப்புங்கள். கேபிள் துளை நான்கு மணி நிலைக்கு வரும். டெல்லிக்காரர் காட்டும் 27 டிகிரியில் வைத்தால் திசையும் உயரமும் சரியாக இருந்தாலும் குவாலிட்டி ஏறாது.

5. இடம் தேர்வு

மேற்கே மலை மறைக்கும் என்ற கவலை வேண்டாம். நமக்கு வேண்டியது தென்கிழக்கு. அதிலும் செயற்கைக்கோள் 69 டிகிரி உயரத்தில் நிற்பதால் தென்னந்தோப்புக்குள் இருக்கும் வீட்டுக்கும் பெரும்பாலும் வழி உண்டு. டிஷ்ஷைவிட 20 அடி உயரமான மரம் தென்கிழக்கில் இருந்தாலும், 8 அடி தள்ளியிருந்தால் அது மறைக்காது. ஓலை விரியும் அளவையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

தட்டட்டி வீடானால் கைப்பிடிச் சுவரில் போல்ட் வைத்துக் கட்டலாம். ஓட்டு வீடானால் ஓட்டின்மேலோ சட்டத்திலோ கட்டாதீர்கள். பக்கச் சுவரிலோ, முற்றத்தில் கான்கிரீட் போட்டு நட்ட குழாயிலோ கட்டுங்கள். மின்கம்பி பக்கத்தில் வேண்டவே வேண்டாம். டிஷ் சரிந்தால் கம்பியைத் தொடாத தூரம் இருக்க வேண்டும்.

6. கட்டும் முறை

இதற்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் டிஷ்ஷிடம், ஒருவர் தொலைக்காட்சியிடம். இருவர் கையிலும் செல்போன்.

முதலில் குழாயைச் செங்குத்தாக நிறுத்துங்கள். தூக்குக்குண்டு வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். குழாய் சாய்ந்திருந்தால் மேலே சொன்ன கணக்கு எல்லாம் பொய்த்துவிடும்.

அடுத்து டிஷ்ஷை மாட்டி, பின்பக்க அளவுகோலில் உயரத்தை 69-இல் வையுங்கள். அளவுகோல் இல்லாவிட்டால், தட்டின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இணைத்து ஒரு நேர்க்கட்டையை வைத்து, செல்போனின் மட்டமானி அதில் 45 காட்டும்படி சாயுங்கள்.

பிறகு எல்.என்.பி.யை 60 டிகிரி திருப்பி, விழாத அளவுக்கு முறுக்குங்கள். கேபிளை மாட்டும்போது பாக்ஸ் ஆஃபில் இருக்கட்டும்.

பாக்ஸ் மெனுவில் 93.5 டிகிரி செயற்கைக்கோளைத் தேர்ந்தெடுங்கள். எல்.என்.பி. வகை 9750/10600. சோதனை அலைவரிசையாக 11090, செங்குத்து, சிம்பல் ரேட் 29500 கொடுங்கள். திரையில் இரண்டு பட்டைகள் தெரியும். ‘ஸ்ட்ரென்த்’ பட்டை, கேபிளும் எல்.என்.பி.யும் வேலை செய்தாலே ஏறிவிடும், அதை நம்பாதீர்கள். ‘குவாலிட்டி’ பட்டைதான் செயற்கைக்கோள் கிடைத்ததைச் சொல்லும்.

இப்போது 118 டிகிரி திசைக்கு இருபுறமும் டிஷ்ஷை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு விரல் அகலம் நகர்த்தி, ஐந்து விநாடி நிறுத்தி, கீழே இருப்பவரிடம் கேட்டு, மறுபடி நகர்த்துங்கள். பாக்ஸ் சிக்னலை உணரச் சற்று நேரமாகும். வேகமாகத் திருப்பினால் கண்டதையும் தாண்டிவிடும்.

செயற்கைக்கோள் இவ்வளவு உயரத்தில் இருப்பதால் பக்கவாட்டுத் திருப்பம் நம் ஊரில் மென்மையாகவே வேலை செய்யும்: பக்கவாட்டில் மூன்று டிகிரி திருப்பினால்தான் வானத்தில் ஒரு டிகிரி நகரும். ஆனால் உயரத்தில் ஒரு டிகிரி என்பது முழு ஒரு டிகிரி. எனவே பக்கவாட்டில் தேடியும் கிடைக்காவிட்டால், உயரத்தை ஒரு டிகிரி ஏற்றியோ இறக்கியோ மறுபடி தேடுங்கள். நெல்லையில் டிஷ் கட்டுபவர் பொறுமையை உயரத்தில்தான் செலவிட வேண்டும்.

குவாலிட்டி தெரிந்ததும் ஸ்கேன் கொடுங்கள். டிடி சேனல்கள் வருகின்றனவா என்று பாருங்கள். இரண்டே டிகிரி தள்ளி, 91.5-இல் சந்தா டி.டி.எச். செயற்கைக்கோள்கள் நிற்கின்றன, 60 செ.மீ. டிஷ் தவறி அதைப் பிடித்துக்கொள்ளக்கூடும். டிடி வந்தால்தான் வேலை முடிந்தது. கடைசியாக எல்.என்.பி.யை இருபுறமும் சிறிது திருகி, குவாலிட்டி மிகுதியாக இருக்கும் இடத்தில் முறுக்கி, எல்லாப் போல்ட்டையும் இறுக்குங்கள். குழாயிலும் பிடியிலும் பெயின்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள். பின்னால் டிஷ் நகர்ந்ததா என்று அந்தக் கோடே சொல்லும்.

7. சூரியனே காட்டும் நாட்கள்

ஆண்டில் இரண்டு முறை, மார்ச் 16-17-ஐ ஒட்டியும் செப்டம்பர் 26-27-ஐ ஒட்டியும், சூரியன் ஜிசாட்-15-க்கு நேர் பின்னால் வருகிறது. நெல்லையில் மார்ச்சில் காலை 11.15 அளவிலும், செப்டம்பரில் 10.55 அளவிலும் இது நடக்கும். அந்தச் சில நிமிடங்கள் படம் உடையும். பழுது என்று நினைத்து டிஷ்ஷைத் தொடாதீர்கள்.

புதிதாகக் கட்டுபவருக்கு அதுவே நல்ல வாய்ப்பு. அந்த நேரத்தில் மாடியில் எந்த இடத்தில் வெயில் விழுகிறதோ, அங்கிருந்து செயற்கைக்கோளுக்குத் தடையில்லை. எங்கே மரத்தின் நிழலோ தண்ணீர்த் தொட்டியின் நிழலோ விழுகிறதோ, அங்கே டிஷ் வேண்டாம். கருவி எதுவும் இல்லாமல் இடத்தைத் தேர்ந்துவிடலாம்.

8. காற்று, மழை, இடி

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்று டிஷ்ஷை அசைத்துவிடும். வைகாசிக்குள் ஒருமுறை மாடியேறி எல்லாப் போல்ட்டையும் இறுக்கிவிடுங்கள். 90 செ.மீ. டிஷ்ஷின் பரப்பு 60 செ.மீ. டிஷ்ஷைவிட இரண்டேகால் மடங்கு. அந்த அளவுக்குக் காற்றும் அதிகம் மோதும். அதற்குச் சுவர் போல்ட்டோடு இரண்டு பக்கத் தாங்குகம்பியும் வேண்டும்.

மழையில் படம் போவதற்குக் காரணம் எளிது: கே.யு. பேண்ட் அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. தூறலில் ஒன்றும் ஆகாது. கொட்டும் மழையில் சில நிமிடம் மறைந்து, தானாகத் திரும்பும். தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை பெறும் மலையடிவாரத்துக்குப் பெரிய டிஷ் சொன்னது இதனால்தான். பரப்பு கூடினால் வாங்கும் சிக்னல் கூடும். மழையில் தாக்குப்பிடிக்கும் நேரமும் கூடும்.

ஐப்பசி, கார்த்திகை இடியின்போது பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டிஷ் கேபிளையும் பாக்ஸிலிருந்து கழற்றுங்கள். டிஷ் குழாயிலிருந்து தரைக்கு எர்த் கம்பி கொடுப்பது இன்னும் நல்லது.

2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 90 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டி ஆற்றங்கரை ஊர்கள் தத்தளித்தபோது மின்சாரமும் சாலையும் துண்டிக்கப்பட்டன. அத்தகைய நாட்களில் செய்தி கேட்க வழி வேண்டும். ஃப்ரீ டிஷ்ஷுக்கு ஊர்க் கேபிளும் வேண்டாம், செல்போன் கோபுரமும் வேண்டாம். பெரும்பாலான பாக்ஸ்கள் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை. இன்வெர்ட்டர் இருந்தால் பாக்ஸையும் தொலைக்காட்சியையும் அதில் இணைத்துவையுங்கள். பாக்ஸையும் பிளக் போர்டையும் வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

9. பழுதும் பரிகாரமும்

*எல்லாச் சேனலும் போய்விட்டது, ஸ்ட்ரென்த்தும் இல்லை:* கேபிள் முனை துருப்பிடித்திருக்கலாம் அல்லது எல்.என்.பி. போயிருக்கலாம். இரு முனைகளையும் வெட்டிப் புதுக் கனெக்டர் போடுங்கள். கடற்கரைப் பக்கத்து ஊர்களில் உப்புக்காற்றுக்கு இது அடிக்கடி நேரும். வெளிமுனையை ரப்பர் டேப்பால் சுற்றிவையுங்கள்.

*ஸ்ட்ரென்த் இருக்கிறது, குவாலிட்டி இல்லை:* டிஷ் நகர்ந்துவிட்டது. பெயின்ட் கோட்டைப் பாருங்கள்.

*சில சேனல்கள் மட்டும் கட்டம் கட்டமாக உடைகின்றன:* எல்.என்.பி. சாய்வைச் சரிசெய்யுங்கள்.

*பார்த்துக்கொண்டிருந்த சேனல் காணோம்:* தனியார் சேனல்களுக்கான இடங்கள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓராண்டுக்கு ஏலம் போகின்றன. ஏப்ரல் முதல் வாரத்தில் கட்டாயம் மறு ஸ்கேன் செய்யுங்கள். கல்விச் சேனல்கள் வராவிட்டால் ‘பிளைண்ட் ஸ்கேன்’ கொடுங்கள்.

*“மாதம் ஐம்பது ரூபாய்க்கு எல்லாச் சேனலும்” என்று யாராவது வந்தால்:* வேண்டாம் என்று சொல்லுங்கள். பூட்டிய சேனலைத் திறந்துகாட்டும் பாக்ஸ் சட்டவிரோதம். இன்று வரும், நாளை நின்றுவிடும், கொடுத்த பணம் திரும்பாது.

10. கட்டிய பிறகு

118, 69, 60 என்ற எண்களையும் 93.5, 11090, 29500 என்ற பாக்ஸ் எண்களையும் ஒரு தாளில் எழுதி தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். புயலோ பெயின்டரோ டிஷ்ஷை நகர்த்திவிட்டால் வீட்டில் யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்துச் சரிசெய்யலாம்.

பிறகு அந்தத் தாளின் நகல் ஒன்றை உங்கள் ஊர்ப் பள்ளிக்கும், இன்னொன்றை நூலகத்துக்கும் கொடுங்கள். ஒரு டிஷ்ஷும் ஒரு பாக்ஸும் இருந்தால் பாடச் சேனல்கள் அங்கே நாள் முழுக்க ஓடும். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் சேவை இது. இதன் சிக்னல் நம் ஊர்க் கூரைகள் எல்லாவற்றின்மீதும் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளத் தெரிந்த ஒருவர் தெருவுக்கு ஒருவர் இருந்தால் போதும், சந்தா கட்ட வசதியில்லை என்பதற்காக எந்த வீட்டிலும் செய்தியும் பாடமும் நிற்க வேண்டியதில்லை.